செத்துப்போனது என்று எழுதிவைத்த நொதி

எம்.எஸ்சி மாணவர்களுக்கு நொதி இயக்கவியல் செய்முறை என்றால் எங்கள் துறையில் இன்றும் எச்சில் அமைலேஸ்தான். ஸ்டார்ச், அயோடின், நீலம் மறைகிறதா என்று பார்ப்பது. பிளஸ் டூவில் பார்த்ததையே முதுகலையிலும் பார்க்கிறார்கள். எத்தனை வருடம்தான் எச்சிலைத் துப்பச் சொல்வது? போன கல்வியாண்டில் இதை மாற்றியே தீருவது என்று ஐடிஎச்1 நொதியைக் கையில் எடுத்தேன். புற்றுநோயில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போகும் நொதி இது. அசலையும் மாறியதையும் பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டலாம். மூன்று வாரம் போதும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தின் குறிப்பேடுதான் இது. அடித்தல் திருத்தல்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முழுப்பெயர் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் 1. மொத்தம் 414 அமினோ அமிலங்கள். தனியாக வேலை செய்யாது. இரண்டு பிரதிகள் ஒட்டி இரட்டையாக இருந்தால்தான் உண்டு. ஐசோசிட்ரேட்டிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றி என்ஏடிபி என்ற துணை மூலக்கூறிடம் கொடுக்கும். கூடவே ஒரு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிஞ்சுவது ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட். என்ஏடிபி ஹைட்ரஜனை வாங்கி என்ஏடிபிஎச் ஆனதும் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சத் தொடங்கும். செய்முறை வகுப்புக்கு இதைவிட வசதி எது? கரைசல் ஊற்றிய சின்னக் குப்பியை, அதாவது குவெட்டை, ஒளி அளக்கும் கருவியில் வைத்துவிட்டு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

2008-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப்புற்றின் 22 கட்டிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் இந்த நொதி புற்றுநோய்ப் பட்டியலில் ஏறியது. அவர்கள் பார்த்த கிளையோபிளாஸ்டோமாக்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தில் திடீர்மாற்றம் இருந்தது. அடுத்த ஆண்டே, மெதுவாக வளரும் இரண்டாம், மூன்றாம் நிலை மூளைக்கட்டிகளில் எழுபது சதவீதத்துக்கும் மேல் என்று தெரியவந்தது. வியப்பு எண்ணிக்கையில் இல்லை, இடத்தில் இருந்தது. ஒரு மரபணு கெட்டுப்போவதால் புற்று வருகிறது என்றால் அது எங்கே வேண்டுமானாலும் கெடலாம். புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவில் சேதம் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். இங்கே எல்லாக் கட்டியிலும் அதே 132-ஆம் இடம். பெரும்பாலும் அங்கிருந்த ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின், சுருக்கமாக ஆர்132எச். அதுவும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டுமே மாறியிருக்கும், இன்னொன்று அப்படியே இருக்கும். வீட்டை இடிக்க வந்தவன் எல்லா வீட்டிலும் ஒரே செங்கல்லை மட்டும் உருவிக்கொண்டு போனால் அவன் நோக்கம் இடிப்பது இல்லை என்று சந்தேகம் வர வேண்டும். எனக்கு அந்தச் சந்தேகம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை.

முதல் வாரம் முழுக்க மடிக்கணினியில் படம் பார்த்தேன். புரதக் கட்டமைப்பு வங்கியில் 1டி0எல் என்ற எண்ணில் அசல் நொதி இருக்கிறது: ஐசோசிட்ரேட், என்ஏடிபி, கால்சியம் மூன்றையும் பிடித்து வாயை மூடிக்கொண்ட நிலை. உண்மையில் இந்த நொதிக்கு வேண்டியது மெக்னீசியம். அதன் இடத்தில் கால்சியம் வந்தால் வேலை ஓடாது. பொருளைப் பிடித்தபடி நின்றுவிடும். படம் எடுக்க அதுதான் வசதி. ஐசோசிட்ரேட்டுக்கு மூன்று கார்பாக்சில் கைகள். எதிர்மின் ஏறிய அந்தக் கைகளை 100, 109, 132 ஆகிய மூன்று ஆர்ஜினின்களின் நேர்மின் நுனிகள் சுற்றி வளைத்திருக்கின்றன. 132-ஆவது ஆர்ஜினினைச் சுழற்றிப் பார்த்தால் அது இரண்டு கார்பாக்சில்களை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். அதன் நுனி இரண்டாகப் பிளந்து கவைபோல இருப்பதால் முடிகிற காரியம் இது. ஹிஸ்டிடினுக்கு அந்த நீளமும் கிடையாது, அந்தக் கவையும் கிடையாது.

1டி09 என்ற இன்னொரு படத்தில் ஐசோசிட்ரேட் இல்லை, வாய் திறந்திருக்கிறது. இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. வேலை நேரத்தில் உலோக அயனியைப் பிடிக்க வேண்டிய 279-ஆவது அஸ்பார்டேட், ஓய்வு நேரத்தில் 94-ஆவது செரினோடு பிணைந்து கிடக்கிறது. அந்த செரினோ ஐசோசிட்ரேட்டைத் தாங்க வேண்டியது. ஐசோசிட்ரேட் உள்ளே வந்தால்தான் இந்தப் பிணைப்பு அவிழும். அதுவரை தளர்ந்து தொங்கும் அந்தப் பகுதி அப்போது திருகி ஆல்ஃபா சுருளாகிறது. சாவியைப் போட்டால்தான் பூட்டின் உள்ளுறுப்பே உருவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் நிற்கும் கீல் போன்ற இடத்தில்தான் 132-ஆவது ஆர்ஜினின் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றினால் பிடி மட்டும் தளராது, கதவு ஆடும் விதமே மாறும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் நான் எழுதிய வரி: "எதிர்பார்ப்பு: மாறிய நொதி செயலிழக்கும்." பாதி சரி.

அடுத்தது திடீர்மாற்றத்தை நாமே செய்வது. மனித மரபணுவில் அந்த இடத்தின் எழுத்துகள் ஜிஜிடி, சிஜிடி, சிஏடி: கிளைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின். நடுவில் உள்ள சிஜிடி-யில் ஜி-யை ஏ ஆக்கினால் சிஏடி. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சிஏடி இருப்பதால் ஒரே சொல் இரண்டு முறை வரும். சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து வரும் இடங்கள் நம் மரபணுவில் இயல்பாகவே பழுதுபடக்கூடியவை, சி-யில் மெத்தில் ஒட்டியிருந்தால் அது எளிதில் டி ஆகிவிடும். எதிர் இழையில் அப்படி நடந்தால் இந்த இழையில் ஜி போய் ஏ வரும். கட்டியில் நடப்பதும் இதே ஓர் எழுத்து மாற்றம்தான்.

நான் பயன்படுத்தியது, மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ-வான பிளாஸ்மிட் முழுவதையும் பிசிஆரில் பெருக்கும் பழைய முறை. மாற்றம் சேர்த்த பிரைமர், அதாவது குட்டி டிஎன்ஏ துண்டு, இரண்டு. பெருக்கியபின் டிபிஎன்-1 நொதி போட்டு, பாக்டீரியாவிலிருந்து வந்த மெத்தில் ஏறிய பழைய அச்சை வெட்டித் தள்ளுவது. நான்கு காலனிகளை வரிசைப்படுத்த அனுப்பினேன். நான்கும் சிஜிடி. பணமும் போனது, பத்து நாளும் போனது. காரணம் எளிது. அச்சுப் பிளாஸ்மிட்டை 100 நானோகிராம் போட்டிருந்தேன். டிபிஎன்-1 எல்லாவற்றையும் வெட்டி முடிக்கவில்லை. 10 நானோகிராமாகக் குறைத்து, வெட்டும் நேரத்தையும் கூட்டியதும் நான்கில் மூன்று சிஏடி, சிஏடி என்று வந்தன. அந்த வரைபடத்தை அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

புரதம் வளர்த்த கதை ஏப்ரல் மாத வெயிலின் கதை. 18 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்க வேண்டும் என்பது எல்லா நெறிமுறையிலும் இருக்கும். எங்கள் ஷேக்கருக்கு சூடேற்றத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. அறையே 34 டிகிரி. காலையில் செல்களை உடைத்து ஜெல் ஓட்டினால், 47 கிலோடால்டன் பக்கத்தில் தடித்த பட்டை ஒன்று அழகாக நின்றது, ஆனால் கரைசலில் இல்லை, அடியில் தங்கிய வண்டலில். சூட்டில் அவசரமாக உருவான புரதம் சரியாக மடியாமல் திரண்டுவிட்டது. ஆய்வகத்தில் இருபது வருடமாக இருக்கும் உதவியாளர் அண்ணன்தான் வழி சொன்னார்: "கருவி அறையில் ஏசி ராத்திரி முழுக்க ஓடுகிறதே மேடம், ஷேக்கரை அங்கே தூக்கிப்போட்டால் என்ன?" தூக்கிப்போட்டோம். 18 வரவில்லை, 22 வந்தது. தூண்டுவதற்கான ஐபிடிஜி-யை 0.1 மில்லிமோலாராகக் குறைத்தேன். அசல், மாறியது இரண்டும் கரைசலில் கிடைத்தன. நம் புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் பிசினில் ஏற்றி, கழுவி, 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கி, உப்பு மாற்றி, கிளிசரால் சேர்த்து மைனஸ் 80-இல் வைத்தேன். இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்தது.

அளக்கத் தொடங்கினேன். பிஎச் மாறாமல் காக்கும் டிரிஸ் பஃபர் 50 மில்லிமோலார், பிஎச் 7.5, மெக்னீசியம் குளோரைடு 10, என்ஏடிபி 0.3, ஐசோசிட்ரேட் 0.5. அசல் நொதி 5 நானோமோலார். எண் நிமிடத்துக்கு 0.13 என்று ஏறியது. என்ஏடிபிஎச்-க்கு மில்லிமோலாருக்கு 6.22 என்ற உறிஞ்சல் கெழுவை வைத்து வகுத்தால் நிமிடத்துக்கு 21 மைக்ரோமோலார். ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்கு ஏறத்தாழ 70 ஐசோசிட்ரேட்டைக் கையாள்கிறது. கைதட்டாத குறை. அடுத்து மாறிய நொதி, அதே 5 நானோமோலார். கோடு படுத்துக்கிடந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்: "ஆர்132எச்: செயலற்றது."

அப்படியே விட்டிருந்தால் வகுப்புக்குப் போதும். ஆனால் ஓர் உறுத்தல். 200 நானோமோலாராகக் கூட்டிப் பார்த்தேன். கோடு லேசாகத் தலை தூக்கியது, நிமிடத்துக்கு 0.06. இது மாறிய நொதியின் மிச்சசொச்ச வேலையா, அல்லது வேறு யாராவது செய்கிறார்களா? இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. நான் புரதம் வளர்த்த ஈ. கோலை பாக்டீரியாவுக்குச் சொந்தமாகவே ஒரு ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் உண்டு. அதற்கும் என்ஏடிபி-தான் வேண்டும், அதுவும் 416 அமினோ அமிலம். ஜெல்லில் நம் புரதத்தின் பட்டைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். விநாடிக்குப் பல பத்துகள் என்ற வேகத்தில் ஓடும் நொதி நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே நான் பார்த்த கோடு வந்துவிடும். நம் மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் செல்களை வளர்த்து, அதே பிசினில், அதே முறையில் ஓட்டி, அதே கன அளவு எடுத்து அளந்தேன். கோடு அங்கேயும் ஏறியது, மூன்றில் ஒரு பங்கு. பிசினை 30 மில்லிமோலார் இமிடசோலில் இன்னும் இரண்டு மடங்கு கழுவியபின் அது அடங்கியது. மாறிய நொதியின் கோடு குறைந்தது, மறையவில்லை. ஆக, பழைய வேலையில் அசலின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வெற்றுச் சோதனை இல்லாமல் மிச்சச் செயல்பாட்டைப் பற்றி எதையும் நம்ப மாட்டேன்.

ஆய்வுலகமும் இதே பாதையில்தான் போனது. 2009-இன் முற்பகுதியில், மாறிய நொதி செயலிழந்தது, அசலோடு இரட்டை சேர்ந்தால் அதையும் முடக்குகிறது என்ற கருத்து வெளியானது. அதே ஆண்டு இறுதியில் வேறொரு குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. மாறிய நொதி இருக்கும் செல்களில் எந்த வேதிப்பொருள் குறைகிறது என்று மட்டும் பார்க்காமல், எது கூடுகிறது என்று தேடினார்கள். 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் மலைபோலக் குவிந்திருந்தது. மாறிய நொதி ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை எடுத்து, என்ஏடிபிஎச்-இன் ஹைட்ரஜனை அதில் ஏற்றுகிறது. அசல் வேலை திசை திரும்பி, பாதியில் நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடு திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை.

அப்படியானால் என் சோதனையும் தலைகீழாக வேண்டும். என்ஏடிபிஎச்-ஐ முதலிலேயே போட்டு, 340-இல் எண் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஏடிபிஎச் 0.15 மில்லிமோலார் போட்டால் தொடக்க எண் 0.93. அலமாரியில் இருந்த ஆல்ஃபா கீட்டோகுளூட்டாரிக் அமிலத்தை 1 மோலாராகக் கரைத்து, குவெட்டில் 10 மில்லிமோலார் வரும்படி சேர்த்தேன். மாறிய நொதி போட்டேன். எண் சரசரவென்று இறங்கியது. அன்று மாலை ஆறரை மணி. துறையில் யாரும் இல்லை. இருந்த சந்தோஷத்தில் கேன்டீன் வரை போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

வந்து அசல் நொதியைப் போட்டேன். அதுவும் இறங்கியது. நொதியே போடாத குவெட்டும் இறங்கியது. மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக.

மறுநாள் காலையில் குவெட்டுகளைக் கழுவ வந்த அண்ணன், நான் மூன்று கோட்டையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பிஎச் பேப்பர் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பஃபர் 7.5 என்று மீட்டரில் பார்த்துச் செய்ததுதானே, எதற்கு? இருந்தாலும் வைத்தேன். காகிதம் ஆரஞ்சு நிறம் காட்டியது. பிஎச் நான்குக்கும் கீழே.

நான் எடுத்தது உப்பு இல்லை, அமிலம். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு புரோட்டான். 10 மில்லிமோலார் அமிலம் 20 மில்லிமோலார் புரோட்டானைக் கொண்டுவருகிறது, பிஎச் 7.5-இல் உள்ள 50 மில்லிமோலார் டிரிஸ் வாங்கிக்கொள்ளக்கூடியது 11 மில்லிமோலார் அளவுதான். பஃபர் கையை விரித்துவிட்டது. என்ஏடிபிஎச்-க்கோ அமிலம் ஆகவே ஆகாது, சிதைந்து 340-இல் உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும். நான் முந்தைய நாள் டீ குடித்துக் கொண்டாடியது ஒரு நொதியின் புதிய வேலையை இல்லை, ஒரு சாதாரண அமிலச் சிதைவை. இந்தக் கணக்கை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் போட்டுக் காட்டுபவள் நான்தான்.

கரைசலை சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7.5-க்குக் கொண்டுவந்து, 5 மில்லிமோலார் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டோடு மறுபடி தொடங்கினேன். இந்த முறை வரிசையையும் மாற்றினேன்: முதலில் நொதி இல்லாத குவெட். பத்து நிமிடம் அசையாமல் 0.93. அடுத்து அசல் நொதி, 200 நானோமோலார். அசையவில்லை. அடுத்து மாறியது. நிமிடத்துக்கு 0.11 என்று, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல இறங்கியது. கணக்குப் போட்டால் ஒரு மூலக்கூறு விநாடிக்கு 1.5. அசல் நொதியின் 70-க்கு முன்னால் இது நத்தை வேகம். ஆனால் அசலால் இந்த வேலையைப் பார்க்கவே முடியவில்லை. நத்தை வேகத்தில் ஓடினாலும் செல்லுக்குள் இது இரவு பகலாக, வருடக்கணக்கில் ஓடும். விளைபொருளைச் செலவழிக்கவோ போதுமான வழி இல்லை. கட்டிகளில் அது மில்லிமோலார் கணக்கில் சேருகிறது.

ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டைக் குறைத்துக்கொண்டே போனபோது வேகம் பாதியாகும் இடம் ஏறத்தாழ 1 மில்லிமோலாரில் வந்தது. நல்ல பிடிப்பு என்று சொல்ல முடியாது. படத்துக்குத் திரும்பினேன், 3ஐஎன்எம் என்பது மாறிய நொதியின் கட்டமைப்பு, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டும் என்ஏடிபிஎச்-உம் உள்ளே இருக்க வாய் மூடிய நிலை. முன்பு அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட அசல் போலவே" என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தால், வேலையை நடத்தும் 139-ஆவது டைரோசினும் எதிர்ப் பிரதியிலிருந்து கை நீட்டும் 212-ஆவது லைசினும் பழைய இடத்தில் இல்லை. ஆர்ஜினின் போனதால் ஐசோசிட்ரேட்டின் கூடுதல் கார்பாக்சிலைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் அந்தக் கை இல்லாத ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என்ஏடிபிஎச்-இன் மேல் பிடிப்பும் மாறிய நொதியில் இறுகிவிடுகிறது. ஒரு கதவை அடைத்த அதே மாற்றம் இன்னொன்றைத் திறந்திருக்கிறது.

விளைபொருள் உண்மையில் அதுதானா என்று பார்க்க, வினை முடிந்த கரைசலை வேறோர் இடத்துக்கு, மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலைக்கு அனுப்பினேன். எதிர்மின் நிலையில் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் 145-இலும் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் 147-இலும் வரும், இரண்டு ஹைட்ரஜன் வித்தியாசம். மாறிய நொதிக் குழாயில் மட்டும் 147 இருந்தது. இடது வலது கை போன்ற இரு வடிவங்களில் இது ஆர் வடிவம் என்று உறுதிசெய்ய வேறொரு வினைப்பொருள் வேண்டும். அதற்கான கோப்பு இன்னும் நகரவில்லை.

ஜூலையில் வகுப்பு நடந்தது. ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இரண்டு ஹைட்ரஜன் கூடின அமிலம் எப்படிப் புற்றுநோய் ஆகும்?" இரண்டின் படத்தையும் பலகையில் வரைந்தேன். ஒன்றில் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன், மற்றதில் அதே இடத்தில் ஹைட்ராக்சில். மற்றபடி அச்சு அசல். டிஎன்ஏ-விலிருந்தும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்தும் மெத்தில் குறிகளை அகற்றும் நொதிகளுக்கு ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் தேவை. இந்தப் போலி அதன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குறிகள் அழியாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. செல் முதிர வேண்டிய கட்டத்தில் முதிராமல் நிற்கிறது. அடுத்த கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது: அப்படியானால் இந்த நொதியை நிறுத்த மருந்து இல்லையா? உண்டு. ரத்தப் புற்றுக்கு ஐவோசிடெனிப் 2018-இலும், இரண்டாம் நிலை மூளைக்கட்டிகளுக்கு வோராசிடெனிப் 2024-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வெறுமனே செயலிழந்த நொதியாக இருந்திருந்தால் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது?

எட்டுக் குழுக்களாக அளந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் பிஎச் காகிதம் வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். ஏழு குழுக்களுக்குக் கோடு இறங்கியது. எட்டாவது குழுவின் பதிவேட்டில் "ஆர்132எச்: செயலற்றது" என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அசலுக்கென்று நீர்க்க வைத்திருந்த அளவிலேயே இதையும் எடுத்துவிட்டார்கள், 5 நானோமோலார். சிவப்பு மையைத் திறந்துவிட்டு மூடினேன். செறிவு எவ்வளவு என்று மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதி, பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.